கதவுக்கு வெளியே என் வசனம்

எனக்கு எழுபத்தெட்டு வயது. ஐந்து பிள்ளைகளை வளர்த்தேன். பெற்றது நாலு, ஐந்தாவது, என் தங்கை விட்டுப்போன மகன். மூன்றாம் வகுப்புக்கு மேல் படிக்கவில்லை. ஆனாலும் இதை நானே எழுத்துக்கூட்டி எழுதுகிறேன். நான் சொல்ல இன்னொருவர் எழுதுவதில் எனக்கு விருப்பமில்லை.

நோர்வேயில், ஹவுகன்ஸ்டுவா என்ற இடத்தில், எங்கள் மாடிக் கட்டடத்தில் ஒவ்வொரு வீட்டாரும் முறை வைத்துப் படி கழுவ வேண்டும். எதிர்வீட்டுக் கிழவிக்கு முழங்கால் ஏலாது. அவருடைய முறையையும் நானே கழுவினேன். ஆஸ்பத்திரியில் இருபத்திரண்டு வருஷம் நிலம் துடைத்தவளுக்கு அது ஒரு வேலையா? ஒருநாள் அவர் கதவைத் திறந்து, என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, கோப்பி குடிக்கக் கூப்பிட்டார். இரண்டு பேருக்கும் நோர்வே மொழி அரைகுறைதான். அதனால் ஒருவரையொருவர் நன்றாக விளங்கிக்கொண்டோம். அவர் கதைத்ததை இங்கே என் தமிழிலேயே எழுதுகிறேன்.

அவர் யூதப் பெண். யித்திஷ் என்ற தங்கள் மொழியில் நாடகம் நடித்தவர். தகப்பனுடைய குழு ருமேனியாவில் ஊர் ஊராகப் போனதாம். நடக்கப் பழகுமுன்னரே மேடையில் தொட்டில் குழந்தையாகக் கிடந்திருக்கிறார். யுத்தத்தில் குழுவில் பெரும்பாலானவர்களைக் கொன்றுவிட்டார்கள். நாடகம் பார்க்க வரும் சனத்தையும் கொன்றுவிட்டார்கள். பிறகு அகதி முகாமில் நடித்தார். பிறகு நோர்வே. இங்கே அவருடைய மொழிக்கு மேடை இல்லை. சட்டை தைக்கும் தொழிற்சாலையில் வேலை செய்துகொண்டு, லீவு எடுத்து ஸ்டாக்ஹோமுக்கும் கோபன்ஹேகனுக்கும் போய் நடித்தார். ஒவ்வொரு முறையும் மண்டபத்தில் ஆட்கள் குறைந்துகொண்டே வந்தார்கள்.

"அம்பது வயது வரைக்கும் நான் மகள் வேஷம்தான். தாய் வேஷம் தந்தால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போயிடுவன்."

"வெக்கமில்லையோ உமக்கு?"

"வெக்கம் இருந்தால் நடிக்கேலுமோ?"

கடைசியில் ஒரேயொரு தாய் வேஷம் போட்டார். அந்த நாடகம் இரண்டே தரம்தான் நடந்தது. தன் நடிப்பில் அதுதான் நல்லது என்றும், அதைப் பார்த்தவர்களில் ஒருவரும் இன்றைக்கு உயிரோடு இல்லை என்றும் சொன்னார். அதில் ஒரு காட்சியை ஒலிப்பதிவு செய்ய, இப்படியான பழைய குரல்களைச் சேர்க்கும் பல்கலைக்கழகப் பெண் ஒருத்தி வருவதாகச் சொல்லியிருந்தாள். மகளாக நடிக்கத்தான் ஆள் இல்லை.

"நீர் மகளாய் நில்லும்," என்றார். "இந்தக் கட்டடத்திலை வேறை ஆர் இருக்கினம்?"

ஓடிப்போன மகள் திரும்பி வந்து கதவைத் தட்டுகிறாள். "மாமெ, கதவைத் திறவணை" என்று மூன்று தரம் கெஞ்சுகிறாள். மாமெ என்றால் அம்மா. ஒவ்வொரு தரமும் தாய் உள்ளே இருந்து பதில் சொல்கிறாள், கதவைத் திறக்கவில்லை. அவ்வளவுதான் காட்சி. என் வசனங்களை அவருடைய மொழியில் காதால் கேட்டே பாடமாக்கினேன். அந்த மொழியின் எழுத்துத் தெரியாதவளுக்கு ஞாபகம்தானே புத்தகம். இரண்டு மாரிகாலம், காலைக் கோப்பி முடிந்ததும், அவருடைய குசினிக் கதவுக்கு வெளியே நின்று தட்டினேன். கேட்டுக் கேட்டு அவருடைய வசனமும் எனக்கு வந்துவிட்டது.

ஒரு சட்டம் வைத்திருந்தார்.

"நான் பேசாமல் இருந்தால் மறந்துபோனன் எண்டு நினையாதையும். அது நடிப்பு. சனம் அந்த இடத்திலைதான் அழும். என்ரை வசனத்தை ஒருத்தரும் எனக்கு எடுத்துத் தரப்படாது."

"ஓம், ஓம். நான் என்ன சின்னப்பிள்ளையோ?"

"மகள் வேஷமெண்டால் சின்னப்பிள்ளைதான்."

பல்கலைக்கழகப் பெண் இரண்டு தரம் நாளைத் தள்ளிப்போட்டாள். அதற்குள் கிழவி கோப்பிக் கேத்தலைக் குளிர்பெட்டிக்குள் வைக்கத் தொடங்கினார். செத்துப்போன தன் தமக்கையின் பெயரால் என்னைக் கூப்பிட்டார். ஆனால் கதவைத் தட்டினால் போதும், பதில் பிசகாமல் வரும். அந்த நம்பிக்கையில் நான் யாருக்கும் ஒன்றும் சொல்லவில்லை.

கடைசியில் அந்தப் பெண் வந்தாள். மேசையில் கருவியை வைத்தாள். கிழவி உதட்டுக்குச் சாயம் பூசியிருந்தார். நான் சேலை உடுத்திருந்தேன். தட்டினேன். என் வசனத்தைச் சொன்னேன்.

பதில் இல்லை.

கதவில் ஒரு சின்னக் கண்ணாடி உண்டு. அதற்குள்ளால் பார்த்தேன். அவருடைய கை மேசைத்துணியில் எதையோ தேடிக்கொண்டிருந்தது. அது நடிப்பில்லை என்று எனக்குத் தெரியும். முதல் இரண்டு சொல்லை மெல்ல எடுத்துக் கொடுத்திருந்தால், மிச்சத்தை அவர் பிடித்திருப்பார். சட்டம் சட்டம் என்று நின்றேன். இல்லை, அதுவும் முழு உண்மையில்லை. அந்தப் படித்த பெண்ணுக்கு முன்னால் நானும் ஒரு நடிகை, பிழை விடாத நடிகை என்று நின்றேன். இரண்டாம் தரம் தட்டினேன். மூன்றாம் தரமும் தட்டினேன்.

பல்கலைக்கழகப் பெண் கருவியை நிறுத்தி, "பரவாயில்லை, இன்னொரு நாள் செய்வம்," என்றாள். கிழவி என்னைப் பார்த்து, "ஆர் கதவைத் தட்டினது?" என்று கேட்டார்.

அதற்குப் பிறகு எத்தனை காலை தட்டியும் அந்த வசனம் வரவில்லை. பனி கொட்டத் தொடங்குமுன் அவர் போய்விட்டார். அடக்கத்துக்கு ஏழு பேர் வந்தோம்.

ஒலிப்பதிவைப் பல்கலைக்கழகப் பெண் அனுப்பியிருந்தாள். என் பேத்தி தன் போனில் போட்டுக் காட்டினாள். தட்டுகிற சத்தம், என் குரல், குளிர்பெட்டியின் இரைச்சல். திரும்பவும் என் குரல். ஒரு நடிகையின் முழுச் சீவியத்தில் மிஞ்சியது, நான் கதவு தட்டினது.

இப்போது அவருடைய வசனம் எனக்கும் மறந்துபோய்க்கொண்டிருக்கிறது. முதல் இரண்டு சொல்தான் மிச்சம். அதுவும் சில காலைகளில் வருவதில்லை.

பேத்தி பக்கத்தில் இருக்கிறாள். சனிக்கிழமைப் பள்ளியில் தமிழ் படித்தவள், என்னைவிட வேகமாக வாசிப்பாள்.

"இந்தா பிள்ளை, நான் எழுதினதைத் துவக்கத்திலையிருந்து வாசி. கதவு தட்டுற இடத்திலை அவசரப்படாதை, கொஞ்சம் நிண்டு வாசி."