யூதாஸ் விசிறிய வாசம்

மழையில் நனைந்து காய்ந்த கோணிச்சாக்கு, வெகுநாள் திறக்காத மரப்பெட்டி, பசும்புல் மென்ற ஆட்டின் மூச்சு, இந்த மூன்றையும் ஒன்றாகக் குழைத்தால் என்ன வாசனை வருமோ அதுதான் சடாமாஞ்சில் வேரின் வாசனை. கேட்பதற்கு அவ்வளவு சுகமாக இல்லை என்பது எனக்கே தெரிகிறது. ஆனால் என் சிறு வயது முழுவதும் அது அம்மாவின் தலையிலிருந்து வந்துகொண்டே இருந்ததால் எனக்கு அது வீட்டு வாசனை. சடாமாஞ்சிலையும் வெட்டிவேரையும் கார்போகரிசியையும் நல்லெண்ணெயில் ஊறப்போட்டுச் சாடியோடு வெயிலில் வைத்து அவள் இறக்கும் "கூந்தத் தைலம்" எங்கள் தெருவில் நாலு வீடுகளுக்குப் போகும்.

அந்த வாசனை வேறொன்றாக மாறியது எங்கள் ஆவூர்க் கோயிலில், ஈஸ்டருக்கு முன்னால் வரும் தபசுகாலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஐம்பதுகளின் நடுவில், எனக்கு விவரம் தெரிந்தும் தெரியாததுமான வயது. தரையில் பெண்கள் பக்கம் அம்மாவுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன். மதலேனம்மாள் விலையுயர்ந்த நளத தைலத்தைச் சேசுநாதர் பாதத்தில் ஊற்றித் தன் கூந்தலால் துடைத்ததையும், வீடே பரிமளத்தால் நிறைந்ததையும் பிரசங்கத்தில் சொல்லிக்கொண்டு வந்த சாமியார், போகிற போக்கில், "அந்த நளதம் வேறெங்கும் விளைந்ததில்லை, நம் இமயமலையில் விளைந்து கப்பலேறிப் போன வேர்தான், உங்கள் வீடுகளில் சடாமாஞ்சில் என்கிறீர்களே அதுவே" என்றார். நான் தலையை நிமிர்த்தினேன். ஒரு முழத் தூரத்தில், முக்காட்டுக்குள் அம்மாவின் கொண்டை. வேதத்தில் வருகிற வாசனை என் மூக்குக்கு நேரே உட்கார்ந்து ஜெபமாலை உருட்டிக்கொண்டிருந்தது. அந்த நிமிஷமே எனக்குப் பட்டுவிட்டது: அப்படியானால் நம் பாஸ்காவில் மதலேனம்மாளின் குடத்துக்குள் ஏன் சாயத்தண்ணீர் இருந்தது?

பாஸ்கா என்பது எங்கள் ஊரில் உயிர்த்த திருநாளான ஈஸ்டரை ஒட்டி, கோயில் மைதானத்தில் கொட்டகை போட்டு ஆடும் சேசுநாதர் பாடுகளின் நாடகம். பள்ளிக்கூட வாத்தியாரான அப்பாதான் அதைப் பழக்குவார். பெண் வேஷமும் ஆண்களே கட்டுவார்கள். மதலேனம்மாள் வேஷம் பல வருஷங்களாக அப்பாவின் தம்பி சவரிமுத்துச் சித்தப்பாவுடையது. அதற்காகவே அவர் இடுப்பளவு முடி வளர்த்திருந்தார். அவர் குனிந்து கால் துடைக்கும்போது கூட்டத்தில் பெண்கள் மூக்கைச் சிந்துவார்கள்.

அந்தப் பிரசங்கத்துக்குச் சில வருஷம் முன்பு பெரியம்மை வந்து அவருடைய இரண்டு கண்களையும் கொண்டுபோயிற்று. பிறகு உள்ளறையில் உட்கார்ந்து நிலக்கடலை உடைப்பதும், சுவரைத் தடவிக்கொண்டு கொல்லைக்குப் போய்வருவதுமாகச் சுருங்கிவிட்டார். மதலேனம்மாள் இல்லாமலேயே பாஸ்கா நடந்தது. அந்தக் காட்சியை அப்பா எடுத்துவிட்டார், வேறு ஆளைப் போடவில்லை. ஆனால் சித்தப்பா முடியை மட்டும் வெட்டிக்கொள்ளவில்லை. "முடிய வெட்டாம வச்சிருக்காருல்ல, மனசுல இன்னும் ஆச கெடக்கு," என்று அம்மா அப்பாவிடம் மெதுவாகச் சொல்வாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கோயிலிலிருந்து வந்ததும் வீட்டில் என் கண்டுபிடிப்பைக் கொட்டினேன். அன்று சாயங்காலம் சேசுநாதர் வேஷம் கட்டும் ராயப்பன் எங்கள் முற்றத்தில் முக்காலி போட்டு வசனம் ஒப்பித்துக்கொண்டிருந்தார். கிணறு வெட்டுகிறவர். அம்மா ஒரு கிண்ணத்தில் தைலத்தோடு வந்து அவர் கால்களைப் பார்த்தாள்.

"ஆண்டவர் வேசங் கட்டுற காலா இது? தண்ணி வத்துன கம்மாயாட்டம் வெடிச்சுக் கெடக்கு."

"பாறை ஒடைக்கிற காலு வேற எப்படிக்கா இருக்கும்?" என்றார் ராயப்பன்.

வெடிப்பெல்லாம் நிறையும்படி அம்மா தைலத்தை ஊற்றினாள். அப்போது உள்ளே கடலை உடைக்கும் சத்தம் நின்றது. சித்தப்பா மூக்கை உறிஞ்சிக்கொண்டு வாசற்படிக்கு வந்தார். வழக்கமாகச் சுவரில் இருக்கும் கை சுவரை விட்டது. முற்றத்தைக் குறுக்கே கடந்து, முக்காலிக்கு நேரே வந்து, குனிந்து, ராயப்பனின் பாதத்தைத் தொட்டார்.

"ராயப்பா, ஒங் காலுதானே இது?"

 விரலை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார். "இத்தன வருசமும் வெறுந் தண்ணியவா ஊத்திக்கிட்டு இருந்தோம்?" அப்புறம், முகத்தை எங்கோ திருப்பிக்கொண்டு, "அண்ணே, ஒரு தடவ வந்து பாக்கட்டா?" என்று கேட்டார். அப்பா, "அடுத்த ஞாயிறு ஒத்திகைக்கு வா," என்று மட்டும் சொன்னார்.

அடுத்து நடந்தது எங்கள் ஊரில் மட்டுமே நடக்கக்கூடியது. கோயில் விளக்கில் மிஞ்சிய எண்ணெயாக இருந்தாலும், சுரூபத்தின் காலடியில் வைத்து எடுத்த எண்ணெயாக இருந்தாலும், எங்கள் சனம் அதை விடாது. நெற்றியில் ஒரு பொட்டு, வலிக்கிற முழங்காலில் ஒரு தேய்ப்பு. ஒத்திகையன்று ராயப்பனின் காலில் பூசியதுபோகக் கிண்ணத்தில் மிச்சமிருந்தது. ஆண்டவர் பாதத்துத் தைலமாயிற்றே. சீஷர்கள், சேவகர்கள், பிலாத்து எல்லோரும் பயபக்தியோடு விரலைத் தொட்டுப் பூசிக்கொண்டார்கள். யூதாஸ் வேஷக்காரரான சைக்கிள் கடை அந்தோணிக்கு நாள்பட்ட மூட்டுவலி. அவர் கிண்ணத்தையே கவிழ்த்து முழங்காலிலிருந்து பாதம்வரை வழித்துவிட்டுக்கொண்டார்.

சித்தப்பா மேடையில் பாதி தூரம் வந்ததும் நின்றார். மூக்கை இங்கிட்டும் அங்கிட்டும் திருப்பினார். எல்லாப் பக்கத்திலிருந்தும் அதே வாசனை. கடைசியில் எது கனமாக வந்ததோ அதை நோக்கி நடந்து, மண்டியிட்டு, யூதாஸின் காலில் குடத்தைச் சாய்த்துவிட்டார். அந்தோணி கல்லாய்ச் சமைந்து நின்றார். மதில்மேல் உட்கார்ந்திருந்த இளவட்டங்கள், "யூதாசுக்கு மோட்சம் கெடச்சிருச்சுடோய்," என்று கூவியதும் கொட்டகையே சிரித்தது. சித்தப்பாவும் சிரித்தார். சிரித்துக்கொண்டே என் தோளைப் பிடித்துக்கொண்டு வீடுவரை வந்தார். வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம், "அண்ணி, முடி வெட்ட ஆள் வரச்சொல்லுங்க," என்றார்.

அந்தச் சொல் எனக்குள் விழுந்த விதத்தை இப்போதும் சொல்லத் தெரியவில்லை. முடி போனால் மதலேனம்மாள் போய்விட்டாள், உள்ளறையும் கடலையும் மட்டுமே மிச்சம் என்பது அந்த வயதிலேயே எனக்குப் புரிந்தது.

இடையில் ஒன்றைச் சொல்லவேண்டும். அந்தப் பிரசங்கத்துக்குப் பிறகு நான் பண்ணிய நச்சரிப்பு தாங்காமல், சாமியாரிடம் இரவல் வாங்கிய பெரிய வேதப்புத்தகத்திலிருந்து தைலம் வருகிற இடங்களையெல்லாம் அப்பா எனக்கு வாசித்துக் காட்டிக்கொண்டிருந்தார். மோயீசன் காலத்து அபிஷேகத் தைலம் எனக்கு மனப்பாடம்: வெள்ளைப்போளம், பட்டை, வசம்பு, இலவங்கம், ஒலிவ எண்ணெய். எல்லாம் சந்தையில் கிடைக்கும் சரக்கு, ஒலிவ எண்ணெய் ஒன்றைத் தவிர. அதோடு ஒரு கண்டிப்பும் அங்கே உண்டு. அந்தத் தைலத்தைப் பரிசுத்த இடத்துக்கும் குருக்களுக்கும் அல்லாமல் வேறு மனிதர் மேல் பூசக்கூடாது, அதுபோல் இன்னொன்று செய்யவும் கூடாது. "கடவுளுக்கு எதுக்குப்பா இவ்வளவு கருமித்தனம்?" என்று கேட்டு அப்பாவிடம் குட்டு வாங்கியிருந்தேன்.

சித்தப்பா முடி வெட்டச் சொன்ன அன்றைக்கு அது எனக்கு விடிந்தது. எல்லோரும் பூசிக்கொண்டால் வாசனை இருக்கும், எது எங்கே இருக்கிறது என்பது தெரியாது. ஒரே இடத்துக்கென்று வைத்த வாசனைதான் அந்த இடத்துக்கு வழி சொல்லும். நான் இதை உளறிக்கொட்டிய விதத்தில் யாருக்கும் புரிந்திருக்க நியாயமில்லை. ஆனால் அம்மா அடுப்பை அணைத்துவிட்டு எழுந்தாள். உள்ளறை வாசலில் நின்று, "தம்பி, பெசகு ஒங்க மூக்குல இல்ல, எங்க கையில. பாஸ்கா வரைக்கும் பொறுங்க, அப்புறம் மொட்டையே அடிச்சுக்கங்க, நான் கேக்க மாட்டேன்," என்றாள்.  முடி வெட்ட வந்தவரை அவளே வெற்றிலை பாக்குக் கொடுத்துத் திருப்பி அனுப்பினாள்.

பிறகு என்னையும் இழுத்துக்கொண்டு வேஷக்காரர் வீடு வீடாகப் போனாள். ராயப்பனின் பாதத்தைத் தவிர மேடையில் வேறு யார்மேலும் தைலம் படக்கூடாது, பவுடர் கூடாது, அத்தர் கூடாது, கழுத்து மாலையில் மரிக்கொழுந்து கூடாது. அந்தோணியின் கடையில் மட்டும் கொஞ்சம் வாக்குவாதம்.

"அப்ப யூதாசு வேர்த்து நாறிக்கிட்டே நிக்கணுமாக்கா?"

"காட்டிக் குடுக்குறவன் நாறுனா ஒண்ணும் குத்தமில்ல அந்தோணி."

அவர் சிரித்தார். அப்புறம் கையிலிருந்த டியூபைக் கீழே வைத்துவிட்டு, "சவரிமுத்து எம்மேல கோவமா இருக்காருங்களா?" என்று கேட்டார். அம்மா, "ஒம்மேல இல்லப்பா," என்றாள். அவர் மீண்டும் டியூபை எடுத்துத் தண்ணீரில் அமிழ்த்தி, வெகுநேரம் ஓட்டையைத் தேடிக்கொண்டிருந்தார்.

பாஸ்கா நாள் சாயங்காலம் சித்தப்பா வருவாரா என்பது கடைசிவரை தெரியாது. அப்பா கூப்பிடவில்லை, அம்மாவும் கூப்பிடவில்லை. வெளுத்து வைத்த சேலையைக் கட்டிலில் வைத்துவிட்டு எல்லோரும் வாசலில் நின்றோம். அவர் கட்டிக்கொண்டு வந்தார். அம்மைத் தழும்பு விழுந்த முகத்தின்மேல் முடியை விரித்துவிட்டிருந்தார்.

விருந்துக் காட்சி வரும்போது பொழுது சாயவில்லை. ராயப்பன் நடுவில், சீஷர்கள் இருபுறமும், பின்னால் பனையோலை விசிறியோடு ஒரு வேலைக்காரன். சித்தப்பா, வாசம் கசியாதபடி மெழுகால் வாயடைத்த குடத்தை ஏந்தி மேடையோரத்தில் காலெடுத்து வைத்தார். ஒத்திகையின் கதை ஊர் முழுக்கத் தெரிந்திருந்ததால் கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டது. இரண்டு எட்டு வைத்தவர் நின்றுவிட்டார். நான் முன்வரிசையில் இருந்தேன், என் பாவாடை அவர் இருந்த பக்கத்திலிருந்து ராயப்பன் இருந்த பக்கமாகப் படபடத்தது. காற்று திரும்பியிருந்தது. வாசனையெல்லாம் ராயப்பனுக்குப் பின்னால் போய்க்கொண்டிருந்தது. சித்தப்பா மூக்கை இருபுறமும் திருப்பிப் பார்த்தார். குரல் கொடுத்தால் கேட்டு நடப்பார்தான். ஆனால் குரல் கேட்டு நடக்கிற மதலேனம்மாளாக அவர் அங்கே வரவில்லை.

அப்போது யூதாஸ் எழுந்தார். காட்சியில் அவர் எழவேண்டிய இடம் அதல்ல. அந்தோணி வேலைக்காரன் கையிலிருந்து விசிறியை வாங்கி, ராயப்பனுக்குப் பின்னால் போய்க் குனிந்து, தரையோடு தரையாக, முன்னோக்கி விசிறினார். ஆண்டவருக்கு ஊழியம் செய்கிற பாவனை முகத்தில். கூட்டம் அதையும் நாடகம் என்றே நினைத்தது. நாலைந்து வீச்சுக்குள் சித்தப்பாவின் தலை மெல்லத் திரும்பியது. பிறகு அவர் நடந்த நடை எனக்கு இன்னும் கண்ணில் இருக்கிறது, தடவாத, தயங்காத நடை. மண்டியிட்டார். மெழுகை நகத்தால் பெயர்த்தார், குடம் சாய்ந்தது. விரிந்த முடி ராயப்பனின் வெடித்த பாதங்களை மூடியது. ஏன் இந்தத் தைலத்தை வீணாக்கினாள் என்று யூதாஸ் கேட்கவேண்டிய வசனத்தை அந்தோணி அன்று சொல்லவே இல்லை. விசிறிக்கொண்டே இருந்துவிட்டார். அப்பா திரைக்குப் பின்னாலிருந்து எடுத்துக்கொடுத்தும் அவர் வாயைத் திறக்கவில்லை.

அதற்குப் பிறகு எத்தனையோ பாஸ்காக்களில் சித்தப்பா ஆடினார். தனியாகக் கோயிலுக்குப் போனார், அந்தோணியின் கடையில் உட்கார்ந்து ஸ்போக் முடுக்கினார். ஒரு வேரும் ஒரு கிண்ணம் எண்ணெயும் ஒரு மனிதரை உள்ளறையிலிருந்து வெளியே கூட்டிவந்ததைப் பார்த்த பெண்ணுக்கு ரசாயனம் படிக்கத் தோன்றாமல் வேறென்ன தோன்றும். இப்போது திருச்சியில் கல்லூரியில் படிக்கிறேன். போன மாதம் எங்கள் பரிசோதனைச் சாலையில் இலவங்கத்தின் ஊடே நீராவியைச் செலுத்தி, கண்ணாடிக் குழாயின் நுனியில் துளித்துளியாகத் தைலம் இறங்கியபோது, மற்றப் பெண்கள் மூக்கைப் பொத்திக்கொள்ள, நான் மட்டும் அம்மாவையும் அந்தோணியையும் நினைத்துக்கொண்டு நின்றேன்.

சமீபத்தில் பாஸ்காவுக்கு ஊருக்குப் போயிருந்தேன். சித்தப்பா வேஷத்தை விட்டுவிட்டார், மதலேனம்மாள் இப்போது டோப்பா வைத்த ஒரு பையன். மைக் வந்துவிட்டது, டியூப்லைட் வந்துவிட்டது, குடத்தில் மறுபடி சாயத்தண்ணீர். ஆனால் விருந்துக் காட்சியில் யூதாஸ் எழுந்து விசிறியை வாங்கிக் குனிந்து விசிறுகிறான். ஏன் என்று அந்தப் பையன்களைக் கேட்டேன். "நம்ம ஊருல யூதாசு விசிறணுங்க, அதான் முறை," என்றார்கள்.

சித்தப்பாவுக்கு இன்னொன்றும் போய்விட்டது. கோயிலுக்குத் திரும்பும் முக்கில் இருந்த செக்கை எடுத்துவிட்டார்கள். அந்தப் பிண்ணாக்கு வாசனைதான் அவருக்குத் திருப்பத்தின் அடையாளம். இப்போது முக்குத் தெரியாமல் நேரே நடந்து பஸ் வரும் ரோட்டுக்குப் போய்விடுகிறார். ஒரு தடவை டிரைவர் பிரேக் போட்டதால் தப்பினார். அதிலிருந்து அவர் கை மறுபடி சுவரைத் தேடுகிறது. முக்கில் நட்டிருக்கும் கல்காலில் சடாமாஞ்சில் தைலத்தைப் பூசிவிடட்டுமா என்று கேட்டேன்.

"அது அங்க வேணாம் தெரசு. அந்த வாசம் வந்தா நான் மண்டி போட்டுருவேன். பஸ்சு ஏறிரும்," என்று சிரித்தார்.

ஆகவே அது இருந்த இடத்திலேயே இருக்கட்டும். முக்குக்கு எலுமிச்சம்புல் தைலம் வைக்கலாம் என்றிருக்கிறேன். ஆனால் அது வெயிலில் அரை நாளில் பறந்துவிடும். மோயீசன் பட்டியலில் வெள்ளைப்போளம் முதலில் நிற்பது சும்மா இல்லை என்று எனக்கு ஒரு சந்தேகம், அந்தப் பிசின் மற்ற வாசனைகளைப் பிடித்து வைக்கிறதோ என்னவோ. சனிக்கிழமைகளில் குழாயையும் குடுவையையும் எடுத்துக்கொள்ள ஆசிரியை அனுமதித்துவிட்டார். விடுமுறைக்குள் ஒரு சீசா சேர்ந்துவிடும். கல்காலில் பூசிவிட்டு, சித்தப்பாவிடம் ஒன்றும் சொல்லாமல், அவர் கோயிலுக்குக் கிளம்பும் நேரத்துக்கு முக்கில் போய் நிற்கப்போகிறேன். காற்று மாறி அடித்தால் உதவட்டும் என்று கையில் ஒரு பனையோலை விசிறியும் இருக்கும்.