மச்சானின் சைக்கிளில் நான் கட்டிய சிப்

இதை எழுதுவதற்கென்று மூன்று கொப்பி வாங்கி, மூன்றிலும் முதல் பக்கத்தைக் கிழித்திருக்கிறேன். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். எழுத வரவில்லை, அதனால் கிழித்தேன் என்று மனைவியிடம் சொன்னேன். அது பொய். வெட்கத்தில்தான் கிழித்தேன். பாவசங்கீர்த்தனத்தில் சுவாமியாரிடம் இதைச் சொல்லிப் பல வருடமாகிறது. அவர் பாவமன்னிப்புக் கொடுத்துவிட்டு, வலைத்தட்டிக்கு அந்தப் பக்கத்திலிருந்து மெதுவாக ஒன்று கேட்டார்: “கடவுளுக்குச் சொல்லிப்போட்டீர். ஊருக்கு எப்ப சொல்லப்போறீர்?” நான் எழுந்து வந்துவிட்டேன்.

என் கண்ணுக்குள் இன்றைக்கும் நிற்பது ஒரு வெறும் பால்மாப் பக்கற். உள்பக்கம் வெள்ளித்தாள்போல மினுங்கும் பக்கற். பேசாலையில் கடலுக்குப் போகிற நாங்கள் அதை எறிவதில்லை. கழுவி, காயவைத்து, போனையும் டோர்ச்சையும் அதற்குள் வைத்து, பழைய சைக்கிள் ரியூப்பில் வெட்டிய வாரால் இறுக்கிச் சுற்றிக் கட்டுவோம். அப்படிக் கட்டினால் அலை அடித்தாலும் உப்புத் தண்ணீர் உள்ளே போகாது. கரண்டில் ஓடுகிற எந்தச் சாமானையும் கடற்காற்றில் திறந்து வைக்கக்கூடாது என்பது எங்கள் கைகளுக்குத் தெரிந்த விஷயம். மூளையைக் கேட்காமலே கை அதைச் செய்துவிடும்.

மச்சான் என்று நான் சொல்வது என் மனைவியின் தம்பியை. நாங்கள் முகாம் முகாமாக இருந்துவிட்டு, திரும்ப ஊருக்கு வந்து தகரக் கொட்டில் போட்டிருந்த காலம் அது. அவருக்குப் படகும் இல்லை, வலையும் இல்லை. ஒரு சைக்கிள் மட்டும் இருந்தது. பின் கரியரில் மீன் பெட்டியைக் கட்டிக்கொண்டு விடியற்காலையில் புறப்பட்டால் மன்னார் ரவுணைத் தாண்டி, பாலத்தைக் கடந்து, பெருநிலத்து வயல் கிராமங்கள்வரை போய் விற்றுவிட்டு வருவார். எதிர்க்காற்றில் பெட்டியோடு மிதித்து மிதித்து அவருடைய கால்கள் இரும்பாகியிருந்தன. ஊர் திரும்பிய பிறகு அவர் சத்தம்போட்டுச் சிரித்ததை நான் முதன்முதல் பார்த்தது, சைக்கிளோட்டப் போட்டி வரப்போகிறது என்று கோயில் ஒலிபெருக்கியில் அறிவித்த அன்றுதான்.

மன்னார்ப் பாலத்தடியில் தொடங்கி, தலைமன்னார் இறங்குதுறையில் திரும்பி, மறுபடி பாலத்தடியில் முடிக்க வேண்டும். முதல் ஐந்து பேர் மாவட்டத்தின் பெயரில் கொழும்புக்குப் போய் ஓடுவார்கள். எங்கள் கோயில் பங்கிலிருந்து பத்துப் பேர் பெயர் கொடுத்தார்கள். பத்துச் சைக்கிளுக்கும் சிப் கட்டும் வேலையைப் பங்குச்சபை என்னிடம் தந்தது. நம்பிக்கையானவன் என்று தந்தார்கள்.

சிப் என்பது நெருப்புப்பெட்டியிலும் சிறிய, தட்டையான ஒரு சாமான். திரும்புகிற இடத்திலும் முடிகிற இடத்திலும் றோட்டில் ஒரு கறுப்பு விரிப்புப் போட்டிருப்பார்கள். சைக்கிள் அதைத் தாண்டும்போது மெஷின் சிப்பைப் பார்த்து இலக்கத்தையும் நேரத்தையும் எழுதிக்கொள்ளும். அதற்குப் பொறுப்பாக வந்த ஐயா காலையில் எங்களைக் கூட்டி வைத்துத் தெளிவாகக் காட்டினார். முன் சில்லைப் பிடிக்கிற கவையில், இடது பக்கம், கீழே அச்சாணிக்குக் கிட்ட, முகம் வெளியே பார்க்கக் கட்ட வேண்டும். வேறெங்கும் கட்டக்கூடாது. எதாலும் மூடக்கூடாது. பிறகு விரலை நீட்டிச் சொன்னார்: “கட்டுறவர் சொல்லை மீறினால், அவர் கட்டின சைக்கிள் அத்தனையும் நீக்கப்படும்.”

ஒன்பது சைக்கிளுக்கு அவர் சொன்ன மாதிரியே கட்டினேன். பத்தாவது மச்சானுடையது. அதற்கு முன்னால் குந்தியபோது கடலிலிருந்து காற்று வீசிக்கொண்டிருந்தது. றோட்டோரக் குட்டைகளில் உப்புத் தண்ணீர் நின்றது. முன் சில்லு அதற்குள் இறங்கி ஏறும்போது இந்தச் சாமான் நனைந்து செத்துப்போனால் என்ன செய்வது என்ற பயம் எனக்கு. சேர்ட் பொக்கற்றில் என் போனைச் சுற்றி வைத்திருந்த பால்மாப் பக்கற் இருந்தது. போனை வெளியே எடுத்தேன். சிப்பை அதன் ஒட்டுப்பட்டியால் கவையில் ஒட்டி, பக்கற்றை மடித்து அதன்மேல் சுற்றி, ரியூப் வாரால் கட்டினேன். அதற்குள் மாதாவின் சின்னப் படம் ஒன்றையும் செருகினேன். இடம் சரியாகத்தான் இருந்தது. இடது பக்கம், அச்சாணிக்குக் கிட்ட. மூடக்கூடாது என்று அவர் சொன்னது சேறு, துணி மாதிரியானவற்றை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சொந்தக்காரனுக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கவனம். அவ்வளவுதான் என் மனதில் இருந்தது.

வெடி வைத்ததும் போனார்கள். போய் வரும்வரை நான் பாலத்தடியில் செபமாலை சொல்லிக்கொண்டு நின்றேன். முதல் ஆள் வந்தார், இரண்டாவது வந்தார், மூன்றாவதாக மச்சான். சனம் கூவியது. அவர் விரிப்பைத் தாண்டியபோது மட்டும் மெஷின் சத்தம் போடவில்லை. அவருக்குப் பின்னால் வந்த எங்கள் பங்குப் பெடியன் ஒருவனுக்குப் போட்டது, அதற்குப் பின்னால் வந்த மற்றவனுக்கும் போட்டது. என் கையில் செபமாலை மணி நின்றுவிட்டது.

ஐயா கணினியைப் பார்த்தார். பிறகு தலைமன்னாருக்குப் போன் எடுத்துக் கதைத்தார். திரும்புகிற இடத்திலும் இந்த இலக்கம் விழவில்லை. அங்கே கையால் எழுதியவர் கூட்டமாக வந்தவர்களில் பாதிப் பேரைத்தான் எழுதியிருந்தார். அதிலும் இல்லை. ஆறாவதாக வந்தவர் அதைக் கேட்டதும் சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடிவந்தார்.

“ஐயா, பேசாலைச் சந்திக்குக் கிட்டத்தான் இவற்ற வீடு. தேத்தண்ணி குடிச்சிட்டு நிண்டு, நாங்கள் திரும்பி வரேக்க எங்களோட சேர்ந்திருப்பார்.”

சனம் சிரித்தது. மச்சானும் மூச்சிரைக்கச் சிரித்தார். “தேத்தண்ணியோ? எங்கட வீட்டில சீனி முடிஞ்சு ரெண்டு நாள். உன்ர வீட்டுக்கெண்டாத்தான் வந்திருப்பன்.” சொல்லிக்கொண்டே பிறேக்கைப் பார்ப்பவர்போலக் குனிந்தார். என் கட்டை அவர் பார்த்துவிட்டார். நிமிர்ந்து என்னை ஒருமுறை பார்த்தார். மறுபடி குனிந்தபோது அவருடைய விரல்கள் வேகமாக வேலை செய்தன. வார் அறுந்தது. பக்கற்றும் படமும் அவருடைய காற்சட்டை இடுப்புக்குள் போயின. சிப் மட்டும் அதன் ஒட்டுப்பட்டியோடு கவையில் இருந்தது.

ஐயா வந்து சைக்கிளை வாங்கி விரிப்பின்மேல் உருட்டினார். மெஷின் கீச்சென்று கத்தியது. “சிப் நல்லாத்தான் இருக்கு” என்றார். “தண்ணி பட்டாலும் இது சாகாது. வெள்ளித்தாள், தகரம் ஏதும் மறைச்சால்தான் குருடாகும். முடிவிடத்தில் சனம் நெருக்கி ஒருக்கால் தவறலாம். ரெண்டு இடத்திலயும் தவறாது.” வெள்ளித்தாள் என்ற சொல் காதில் விழுந்ததும் பால்மாப் பக்கற்றின் உள்பக்கம் என் கண்முன் வந்தது. நான் ஒரு அடி முன்னால் வைத்தேன். பொய் சொல்லமாட்டேன், வைத்தேன். மச்சான் தண்ணீர்ப் போத்தல் வாங்குகிற சாட்டில் என்னோடு ஒட்டி நின்றார்.

“அத்தான், வாய் திறக்காதேங்கோ. நீங்கள் சொன்னா ஒன்பது பேரும் போச்சு. எங்கட ரெண்டு பெடியள் அஞ்சுக்குள்ள நிக்கிறாங்கள்.”

“உனக்கு என்ன நடக்கும்?”

“எனக்கு மீன் பெட்டி இருக்கு.”

ஐயா அவரிடம் நேராகக் கேட்டார்: “தம்பி, நீர் இறங்குதுறை வரைக்கும் போனனீரோ?” மச்சான் “ஓம் ஐயா, போனனான்” என்றார். “அப்ப இது ஏன் விழேல்ல?” என்று கேட்டதற்கு, “மெஷினுக்கு மீன் வெடுக்குப் பிடிக்கேல்லையாக்கும்” என்று சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். வாய் திறக்காதே என்று அவர் சொன்னபோது எனக்கு உள்ளே ஒரு நிம்மதி வந்தது. அந்த நிம்மதியைத்தான் நான் இன்றுவரை எனக்கு மன்னிக்கவில்லை. அவருடைய இலக்கத்தின்மேல் ஐயா ஒரு கோடு இழுத்தார்.

எங்கள் பெடியள் இருவரும் கொழும்புக்குப் போய் ஓடிவிட்டு வந்தார்கள். அதற்குப் பிறகு உண்மையைச் சொல்ல ஒரு தடையும் இருக்கவில்லை. ஆனாலும் நான் சொல்லவில்லை. மச்சானுக்கு ‘குறுக்கால வந்தவன்’ என்று ஊரில் பெயர் விழுந்தது. மீன் வாங்குகிற பெண்கள்கூட, “தராசையும் குறுக்கால பிடிக்கிறியோ?” என்று பகிடி விட்டார்கள். அந்த வருடத் திருநாளில் மாதாவின் சுருவம் வைத்த கூட்டைத் தூக்க அவருக்கு ஒரு தோள் கொடுத்திருந்தார்கள். கள்ளம் செய்தவன் தூக்கக்கூடாது என்று இரண்டு பேர் முணுமுணுக்க, அவராகவே விலகிக்கொண்டார். அந்த இடத்துக்கு என்னைப் பிடித்து விட்டார்கள். நான் தூக்கினேன். கூடு கனக்கவில்லை. பக்கத்தில் மெழுகுதிரி பிடித்துக்கொண்டு மச்சான் நடந்து வந்ததுதான் கனத்தது.

எத்தனையோ தரம் அவரிடம் பேச்செடுத்தேன். “விடுங்கோ அத்தான், ஊர் மறந்திட்டுது” என்பார். ஊர் மறக்கவில்லை. போன மாதம் அவருடைய மகளின் பள்ளிக்கூடத்தில் சைக்கிளோட்டம் வைத்தார்கள். அவள் பெயர் கொடுத்திருந்தாள். “தேப்பனைப்போல சந்தியில திரும்பிடாத” என்று வகுப்பில் யாரோ கத்த, அவள் போய்ப் பெயரை வெட்டிவிட்டு வந்து அழுதிருக்கிறாள். என் மனைவி வந்து சொன்னாள். அடுத்த ஞாயிறு பூசை முடிந்த கையோடு அவர்கள் வீட்டுக்குப் போனேன். மச்சான் முற்றத்தில் பெட்டி கழுவிக்கொண்டிருந்தார். என் முகத்தைப் பார்த்ததும் விளங்கிவிட்டது. “பழசைக் கிண்டாதேங்கோ அத்தான்” என்றார். நான் கேட்கவில்லை. பிள்ளையைக் கூப்பிட்டு, கதிரையில் இருக்கச் சொல்லி, எல்லாவற்றையும் சொன்னேன்.

அவள் தகப்பனைப் பார்த்தாள். அவர் பெட்டியையே தேய்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னைப் பார்த்தாள்.

“ஏன் மாமா அண்டைக்கே சொல்லேல்ல? ஒன்பது பேருக்காகவோ?”

“முதல் ஒரு மாசம் அவங்களுக்காக, பிள்ளை. மிச்சம் முழுக்க என்ர மானத்துக்காக.”

அவள் கோபிக்கவில்லை. கோபித்திருந்தால் எனக்கு இலேசாக இருந்திருக்கும். “எனக்கு மட்டும் சொன்னாக் காணாது மாமா. என்னை நக்கலடிச்சது மற்றாக்கள்” என்றாள். அன்றைக்கு மாலை நாலாவது கொப்பியை வாங்கினேன். இந்த முறை முதல் பக்கத்தைக் கிழிக்கவில்லை.

வாசிக்கிற உங்களிடம் ஒன்று கேட்கிறேன். பேசாலையிலோ, ஓலைத்தொடுவாயிலோ, பாலத்துக்கு அந்தப் பக்கத்திலோ அந்தப் போட்டியைப் பற்றிப் பேச்சு வந்தால், இதை இருக்கிறபடியே சொல்லுங்கோ. மச்சானைப் புனிதராக்க வேண்டாம், அவருக்கு அது பிடிக்காது. என்னையும் கொஞ்சம் நல்லவனாக்கிச் சொல்ல வேண்டாம். சிப்பை மூடிக் கட்டியவன் இவன், தெரிந்துகொண்டே இத்தனை வருடம் பேசாமல் இருந்தவனும் இவன்தான் என்றே சொல்லுங்கோ. அவர் இறங்குதுறை வரைக்கும் போய்த்தான் திரும்பினார்.