கருமாதிக் கார்டில் விழுந்த முத்திரை

எனக்கு ஸ்டாம்பு வேண்டாம், முத்திரைதான் வேண்டும் என்றால் திருவண்ணாமலையில் ஒருவருக்கும் புரியவில்லை. எழுபதுகளின் கடைசியில் சில தபால்களில் தேதி முத்திரைக்குப் பக்கத்தில் ஒரு வாசகமும் விழும். குடும்பக் கட்டுப்பாடு, சிறுசேமிப்பு, எப்போதாவது 'புத்தகம் படியுங்கள்', 'நூலகத்தில் சேருங்கள்'. அந்தக் கடைசி வகையைத்தான் நான் சேர்த்தேன். தேரடித் தெருக் கடைகளிலும் ஆசிரமத்துப் பக்க வாடகை அறைகளிலும் கூச்சமில்லாமல் காலி உறை கேட்டு வாங்கி, ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு வைத்திருந்தேன்.

ஊருக்கெல்லாம் படி படி என்ற சர்க்கார், எங்கள் வீட்டுக்குச் சொல்ல மறந்துவிட்டது. ஒன்பதாவதோடு என்னை நிறுத்தினார்கள். "பொட்டப் புள்ளைக்கு இதுவே ஜாஸ்தி" என்றார் வேலூர்ப் பெரியப்பா, அப்பாவின் ஒன்றுவிட்ட அண்ணன். அப்பா தலையாட்டினார். நூலகத்திலாவது சேர்கிறேன் என்று படிவம் வாங்கி வந்தேன். அதில் அப்பா கையெழுத்துப் போட வேண்டும். "அண்ணன் இன்னா சொல்வாரோ" என்றே இரண்டு வருஷம் இழுத்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அந்தப் பெரியப்பா செத்துப்போனார். பத்து நாளில் கருமாதிக் கார்டு வந்தது. அதை வாசலில் நின்றே படித்துக் கிழித்துப் போட வேண்டும், வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது. அப்பா கிழிக்கப் போகும்போதுதான் முத்திரையைப் பார்த்தேன். 'நூலகத்தில் சேர்ந்து பயன் பெறுவீர்.' என்னிடம் இருந்ததெல்லாம் இங்கிலீஷும் இந்தியும். இது தமிழ், ஓர் எழுத்துக்கூடக் கலையவில்லை. வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டேன்.

"ஏய், கிழிச்சிப் போடு! ஊட்டுக்கு ஆவாது!"

"மாட்டேன்."

"அத வெச்சிக்கினு உள்ள வராத."

"வரல."

வாசலிலேயே உட்கார்ந்தேன். அம்மா சாப்பிடக் கூப்பிட்டும் எழவில்லை. தெருவே வேடிக்கை பார்த்தது; நன்றாகப் பார்க்கட்டும் என்று கார்டை மடியில் விரித்து வைத்துக்கொண்டேன். சாயங்காலம் அப்பா இறங்கி வந்தார்.

"இப்ப இன்னாதாண்டி வேணும் உனக்கு?"

"நூலகப் படிவத்துல கையெழுத்துப் போடுங்க. இத கிழிச்சிடறேன்."

"அண்ணன் இன்னா..." என்று ஆரம்பித்தார்.

"அவரு கருமாதிக் கார்டுதாம்பா இது" என்றேன்.

அம்மா உள்ளே ஓடிப்போய்ப் படிவத்தையும் பேனாவையும் எடுத்துவந்தாள். அப்பா கையெழுத்துப் போட்டதும், மை காயும்வரை காத்திருந்துவிட்டுத்தான் கார்டைக் கிழித்தேன். அப்படி ஒரு முத்திரை எனக்குத் திரும்பக் கிடைக்கவே இல்லை. வயிறு எரிந்தது. எரிந்தால் எரியட்டும் என்று, மறுநாள் நூலகம் திறப்பதற்கு முன்பே போய் நின்றேன்.