முதுகுப் பக்கத்துப் படம்

எழுத்து கோணல்மாணலாக இருக்கிறது, மன்னியுங்கள். நாற்பது வருடம் கறிக்கடையில் கத்தி பிடித்த கை, பேனா பிடித்து ஒரு வருடம்தான் ஆகிறது. எழுதிய தாளைப் போனில் படம் எடுத்து இங்கே போடுகிறேன்.

இன்று திருச்செங்கோட்டிலிருந்து சேலம் வரும் பஸ்ஸில், டாக்டருக்குப் படிக்கும் ஒரு பெண் பக்கத்தில் உட்கார்ந்து, மனித உடம்பின் படங்கள் உள்ள பெரிய புத்தகத்தை விரித்தாள். ஆங்கிலப் பெயர்களின் அருகே பென்சிலால் தமிழில் எழுதியிருந்தாள்.

எழுத்துக் கூட்டினேன். சி-று-நீ-ர-க-ம். படித்துவிட்டேன்!

"ஆட்டுலயும் இங்கதானுங்க சாமி இருக்கும். முதுகெலும்ப ஒட்டி, கொழுப்புக்குள்ள" என்றேன் அவளிடம்.

"அப்ப நீங்களே எங்களுக்குப் பாடம் எடுக்கலாமுங்க தாத்தா!" என்று சிரித்தாள்.

நானும் சிரித்துக்கொண்டே மறுபடி படத்தைப் பார்த்தேன். என் மனைவி என் கையை எடுத்துத் தன் முதுகில் வைத்து, "இங்கதானுங்க வலிக்குது" என்று மாதக்கணக்கில் சொன்ன அதே இடம்.

"குனிஞ்சு வாசல் கூட்டறயல்ல, அதான்" என்று தைலம் வாங்கிக் கொடுத்தேன். ஆஸ்பத்திரிக்குப் போனபோது இரண்டு சிறுநீரகமும் கெட்டிருந்தன. அவள் பிழைக்கவில்லை.

தினமும் ஆட்டில் அதே இடத்தில் கைவிட்டு எடுத்தவன், அவளுக்கும் அங்கே அது இருக்கும் என்று நினைக்கவில்லை.

உங்கள் வீட்டில் யாராவது முதுகு வலிக்கிறது என்றால், தைலத்தோடு விட்டுவிடாதீர்கள். எனக்குப் பதில் எழுதுங்கள். நான் எழுத்துக் கூட்டிப் படித்து, திருப்பி எழுதி முடிக்க அடுத்த வாரம் ஆகிவிடும்.