முன்பணம் இல்லாத கோல்கீப்பர்

போன ஞாயிற்றுக்கிழமை காலைக் கூட்டத்துக்கு வந்திருந்தவர்கள்: எங்கள் ஃபுட்பால் கிளப்பின் தலைவர், அதாவது முப்பது பட்டுத் தறிக்கு முதலாளி. பொருளாளரான அவருடைய மைத்துனர். ரிடையரான டிரில் மாஸ்டர், எங்கள் கோச். செயலாளராகிய நான். நான்கே பேர். ஐந்தாவதாக, தலைவர் மடியில் ஒரு சிவப்பு நோட்டு.

நோட்டைப் பற்றி அப்புறம் சொல்கிறேன். முதலில் விஷயம்.

மாவட்ட லீக்கில் நாங்கள் இரண்டாம் டிவிஷன். இந்த சீசனில் கடைசி இடத்துக்கு ஒரு படி மேலே நின்று தப்பினோம். அடுத்த சீசனுக்குப் பதினெட்டு பேரைத்தான் பதிவு செய்யலாம். இருப்பது பத்தொன்பது. ஒருவரைக் கழிக்க வேண்டும். எவன் ஆடுகிறான், எவன் ஆடவில்லை என்று பார்த்தால் போதாதா?

போதாதாம்.

தலைவர் நோட்டைப் பிரித்தார். அது கிளப் நோட்டு இல்லை... தறி நோட்டு! ஆரணி வழக்கம் வெளியூர் வாசகர்களுக்குத் தெரிந்திருக்காது. நெசவாளி முதலாளியிடம் முன்பணம் வாங்குவான். அதைக் கட்டி முடிக்கும்வரை வேறொருவர் தறியில் உட்கார முடியாது. எங்கள் ஆட்டக்காரர்கள் எல்லோருமே தலைவரின் தறிக்காரர்கள்.

"ஏழுமலை பேர்ல பாக்கி இன்னா?"

"பொங்கலுக்கே கட்டி முடிச்சுட்டான் மாமா. சைபர்," என்றார் மைத்துனர்.

"அப்போ அவனக் கழிச்சுடு."

ஏழுமலை எங்கள் கோல்கீப்பர். சேத்துப்பட்டு மேட்சில் இரண்டு பெனால்ட்டியைப் பிடித்தவன். நாங்கள் தப்பியதே அந்த இரண்டு பிடியால்தான்.

கோச் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். "இன்னா தலைவரே பேசறீங்க? கோல்ல யார நிக்க வெக்கறது, உங்க நோட்டையா?"

"கோச்சுக்காதீங்க மாஸ்டர். பாக்கி இல்லாதவன் நாளைக்கு வேற கிளப்புக்கு ஓடிட்டா? பாக்கி இருக்கறவன் எங்க போவான்?"

"அப்போ நம்ம ஃபுல்பேக் கஜபதி? பந்து போயி அரை மணி கழிச்சு கால தூக்கறான்!"

"அவனுக்கு ரெண்டாயிரம் இருக்குது மாஸ்டர். அவன்தான் கேப்டன்."

வேடிக்கைக்காக எழுதவில்லை. அப்படியேதான் சொன்னார். கடன்பட்டவன் விசுவாசி, கடனை அடைத்தவன் துரோகி! ஒரு வருஷம் பண்டிகை நாளில்கூடத் தறியை விட்டு எழாமல் நெய்து அடைத்தானே, அதற்கு இதுதான் பரிசா? கோயில் கமிட்டி, பள்ளிக்கூடக் கமிட்டி, எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள். கெட்டிக்காரனை யார் தேடுகிறார்கள்? கையை விட்டுப் போக முடியாதவன் கிடைத்தால் போதும்.

இன்னொன்றும் உண்டு. சென்னையில் ஒரு கம்பெனி டீம் மேனேஜர் ஏழுமலையைப் பார்த்துவிட்டு, "அடுத்த சீசன் லீக் பதிவோடு வா, செலக்‌ஷன் வைக்கிறோம். தேறினால் வேலை," என்று சொல்லியிருக்கிறார். பதிவு இல்லையென்றால் கேட்டைக்கூடத் தாண்ட முடியாது. இது தலைவருக்கும் தெரியும். தெரிந்ததால்தானோ என்னவோ...

கோச் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். நான்? பேசினால் என்ன ஆகும், பேசாவிட்டால் என்ன ஆகும் என்று யோசித்து முடிப்பதற்குள் கூட்டம் முடிந்துவிடும்.

தலைவர் வெற்றுப் பதிவுப் பாரத்தின் அடியில் கையெழுத்துப் போட்டு என்னிடம் நீட்டினார். வருஷா வருஷம் இப்படித்தான். எட்டாவதோடு நின்றவன் நான். ஆனாலும் அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதுவேன். ஓர் எழுத்தை அடித்திருந்தாலும் லீக் ஆபீசில் பாரத்தைத் திருப்பிவிடுவார்கள்.

"பொறுமையா எழுது, ஜல்தியா போஸ்ட் பண்ணு," என்றார். "நீ நம்ம ஆளு. உன்னால எனக்கு ஒரு பேஜாரும் கெடையாது."

வெளியே டீக்கடையில் ஏழுமலை நின்றிருந்தான்.

"இன்னாண்ணா, லிஸ்ட்ல என் பேரு இருக்குதா?"

"எழுதிகினு இருக்கறேன்டா," என்றேன். அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

மதியம் பாரத்தை விரித்துப் பதினேழு பெயர்களை எழுதினேன். அதில் கஜபதி இல்லை. மூட்டு வலிக்கிறது, என்னை விட்டுவிடுங்கள் என்று மாசக்கணக்கில் அவனே புலம்பிக்கொண்டிருந்தான். தலைவர் காதில்தான் விழவில்லை. பதினெட்டாவது வரிக்கு வந்ததும் பேனாவை மூடிவைத்தேன். கோபமா, பயமா? இன்றுவரை தெரியவில்லை. மறுபடி பேனாவைத் திறந்தேன்.

'ஏழுமலை' என்று எழுதினேன். தகப்பன் பெயர், வயது, ஆடும் இடம்: கோல். ஓர் அடித்தல் இல்லை.

செவ்வாய்க்கிழமை தபால் பெட்டியில் போட்டேன். உள்ளே விழுந்ததா என்று நாலு தரம் விரலை விட்டுப் பார்த்தேன்.

தலைவர் இந்தப் பத்திரிகையில் நான் எழுதும் பத்தியை வாராவாரம் படிக்கிறவர். இந்த வாரமும் படிப்பார். படித்ததும் சிவப்பு நோட்டில் என் பக்கத்தைத் தேடுவார். ஆமாம், நானும் அவர் தறிக்காரன்தான். தலைவரே, நீங்கள் சிரமப்பட வேண்டாம், நானே சொல்லிவிடுகிறேன். கூரை மாற்ற வாங்கியதில் இன்னும் பாக்கி, அறுநூற்று நாற்பது ரூபாய்.