ஒலக்கூர் வண்டியின் பிரேக்

திண்டிவனத்தில் ஒரு வேன் ஷெட்டில் எனக்கு வேலை. சுற்றுப்பட்டு ஊர்ப் பெண்களைக் கம்பெனி வேலைக்கு ஏற்றிப்போகிற வேன்கள். எந்த வண்டிக்கு எப்போது ஆயில் மாற்றினார்கள், எந்த டயர் தேய்ந்திருக்கிறது என்றெல்லாம் ரிஜிஸ்டரில் எழுதுவது என் பொறுப்பு. எழுதலாம், அவ்வளவுதான். ஒரு போல்ட்டைக் கழற்றச் சொல்லக்கூட எனக்கு அதிகாரம் கிடையாது.

ஒலக்கூர் வண்டியில்தான் என் மனைவியும் வேலைக்குப் போகிறாள். டிரைவருக்குப் பின்னால் முதல் சீட், ஜன்னலோரம்.

ஒருநாள் சாயங்காலம் அந்த டிரைவர் சாவியை என் மேஜையில் வைத்துவிட்டு, "பெடல ரெண்டு வாட்டி மிதிச்சாத்தான் நிக்குது சார். எழுதிக்கோங்க" என்றார். எழுதினேன். மறுநாளும் அதையே சொன்னார், அதையே எழுதினேன். அதற்கடுத்த நாள் நேற்றைய வரியை விரலால் தொட்டுக் காட்டிவிட்டுப் போய்விட்டார். என் கையெழுத்து மட்டும் நாளுக்கு நாள் அழகாகிக்கொண்டு வந்தது.

ரிஜிஸ்டரைத் தூக்கிக்கொண்டு முதலாளியிடம் போனேன். பொறுமையாகத்தான் படித்தார்.

"மெட்ராஸ்ல சாமான் சொல்லியாச்சிபா, வந்துக்கினே இருக்குது. அதுவரிக்கும் மாத்து வண்டி எங்க கீது? நிறுத்திட்டா அத்தினி பொம்பளைங்களும் ரோட்ல நிப்பாங்க. மெதுவா ஓட்டச் சொல்லு."

அதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. அதுதான் பெரிய பேஜாரு. பொய்யாக இருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன்.

மறுநாள் காலையில், சோற்று டப்பாவை மூடிக்கொண்டிருந்த மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "இன்னிக்கிப் போவாத. லீவு சொல்லிடு."

"இன்னொரு லீவு போட்டா வேலைக்கே வராதன்னுடுவாங்க. நான் ஒருத்தி போவலன்னா வண்டி நின்னுடுமா?"

ஊருக்கே வண்டிக் கணக்கு எழுதுகிறவனுக்குச் சொந்தப் பெண்டாட்டியை வீட்டில் நிறுத்திவைக்க வழியில்லை. கடைசியில், "சரி, பின்சீட்லயாவது குந்து" என்றேன்.

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு என்னை ஒருமாதிரி பார்த்தாள்.

"அப்ப முன்சீட்ல யாரக் குந்த வெக்கச் சொல்றீங்க?"

தெருமுனையில் வேன் வந்து நின்றது. அவள் ஏறி, எப்போதும்போல முதல் சீட்டிலேயே உட்கார்ந்தாள்.