ஒற்றை வண்டோடு புனேவுக்கு

சென்ற ஜனவரியில் நான் புனே போனது ஊர் பார்க்க அல்ல. பதினொரு மில்லிமீட்டர் நீளமுள்ள ஒரு செத்த வண்டை ஊசியில் குத்திப் பெட்டியில் வைத்து எடுத்துப் போனேன். என்னோடு கல்லூரியில் விலங்கியல் நடத்தும் கஸ்தூரி, அந்தமானின் ஒரு சிறு தீவில் மட்கிய மரத்தடியில் பிடித்த தரைவண்டு அது. அதே பயணத்தில் பாறையில் வழுக்கி அவளுக்கு முழங்கால் உடைந்துவிட்டது. கிடைத்தது ஒரே ஒரு ஆண்தான். இன்னொன்றைத் தேடலாமென்றால் வனத்துறை அனுமதியும் முடிந்திருந்தது.

அந்தத் தீவுகளிலிருந்து முன்பே பெயரிடப்பட்ட ஒரு வண்டு, புனேயின் புறநகரான பிம்ப்ரிக்கு அப்பால் ஓர் ஆய்வு நிலையத்தில் இருக்கிறது. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால்தான் எங்களுடையது புதிய இனமா என்று தெரியும்.

சென்னையில் காலை 6:10க்கு விமானம். சோதனையில் நின்ற அதிகாரி பெட்டியைத் தலைகீழாகப் பிடிக்கப் போனார். நான் போட்ட சத்தத்தில் பின்னால் இருந்தவர்கள் விலகினார்கள். கல்லூரிக் கடிதத்தைப் படித்த பிறகே விட்டார். எட்டு மணிக்குப் புனே. விமான் நகர் வழியாக ராம்வாடி மெட்ரோவுக்கு ஆட்டோ, நாலு கிலோமீட்டர், 110 ரூபாய். மெதுவாகப் போங்கள் என்றதும், உள்ளே கண்ணாடிப் பொருளா என்று ஓட்டுநர் கேட்டார். பூச்சி என்றேன். கண்ணாடியில் என்னைத் திரும்பத் திரும்பப் பார்த்தார். ஒவ்வொரு வேகத்தடையிலும் பெட்டியை மடியிலிருந்து தூக்கிப் பிடித்துக்கொண்டேன். ஒரு கால் உடைந்தாலும் ஒட்டலாம், தலை கழன்றால்? மெட்ரோவில் குலுக்கல் இல்லை. சிவில் கோர்ட் ஸ்டேஷனில் வண்டி மாறி, ஒரு மணி நேரத்தில் பிம்ப்ரி.

நிலையத்தில் மாதிரிகளைப் பராமரிப்பவர் செல்வராஜ், ஐம்பதைத் தாண்டியவர். அவருடைய அப்பா வேலூரிலிருந்து இங்குள்ள கட்கி வெடிமருந்துத் தொழிற்சாலைக்கு வந்தவராம். என் இந்தியைக் கேட்டதுமே இந்தி கலந்த தமிழுக்கு மாறிவிட்டார்.

வெளித்தோற்றத்தில் இரண்டு வண்டுகளும் ஒன்றுதான். கெட்டியான மேலிறகுகளில் அதே நீளக் கோடுகள், முன்காலில் உணர்கொம்பைத் துடைத்துக்கொள்ள அதே சின்னப் பள்ளம். உள்ளிறகுகள் சுருங்கிப்போனவை, பறக்காது. பறக்காததால்தான் தீவுக்குத் தீவு இனம் பிரிந்திருக்கலாம் என்று கஸ்தூரி நினைத்தாள். வித்தியாசம் இருந்தால், வயிற்றுக்குள் இருக்கும் ஆண் உறுப்பில்தான் தெரியும். ஒன்றரை மில்லிமீட்டர் இருக்கும். அதை வெளியே எடுக்க வேண்டும்.

வெந்நீர் ஆவியில் நாற்பது நிமிடம் வைத்து உடலை இளக்கினேன். சாதாரண வண்டுகளில் எத்தனையோ முறை செய்த வேலை. சாமணத்தால் மெல்ல இழுத்தேன். உறுப்பு முழுசாக வந்தது. வந்த வேகத்தில் சாமணத்தின் நுனியிலிருந்து தெறித்தது. மைக்ரோஸ்கோப்பின் வட்டத்துக்குள் எதுவும் இல்லை.

"மேடம், ஹிலாதீங்க, அப்படியே உக்காருங்க," என்றார் செல்வராஜ். "நான் பங்காவை பந்த் பண்றேன்."

ஆவி போக ஓடிக்கொண்டிருந்த மின்விசிறி நின்றது. அவர் டார்ச்சோடு மேசையை விரல்கடை விரல்கடையாகப் பார்த்தார். கைபேசியில் கஸ்தூரி அழைத்தாள், நான் எடுக்கவில்லை. முப்பத்தைந்து நிமிடம் அசையாமல் இருந்தேன். மூச்சு பலமாக விட்டால் பறந்துவிடுமோ என்று அதையும் அடக்கினேன்.

கடைசியில் அவர் டார்ச்சை என் மணிக்கட்டில் நிறுத்தினார். ஸ்வெட்டர் மடிப்பில், ஈர நூலில், பழுப்பாக ஒரு துணுக்கு.

பழைய வண்டின் உறுப்பு நேராக முடிந்தது. எங்களுடையதன் நுனி கொக்கியாக வளைந்திருந்தது. மறைத்துவிடலாம் என்றுதான் நினைத்தேன், ஆனால் கஸ்தூரியைக் கூப்பிட்டு நடந்ததை முழுக்கச் சொல்லிவிட்டேன். அவள் கேட்டது இதைத்தான்.

"நுனி எந்தப் பக்கம் வளைஞ்சிருக்கு?"

"இடது பக்கம்."

"மறுபடி பாத்துச் சொல்லு."

பார்த்தேன். இடது பக்கம்தான். மற்ற நிபுணர்களும் ஒத்துக்கொண்டால் அது புதிய இனம்.

இப்படிப் போகிறவர்கள் ஒரு மாதம் முன்பே நிலையத்துக்கு எழுதி அனுமதி வாங்குங்கள். உடலின் இருபக்கமும் துணை ஊசி குத்துங்கள், மாதிரி சுழலாது. உறுப்பைக் குழித்தட்டில், கிளிசரினில் மூழ்கவைத்தே எடுங்கள், தெறிக்காது. இது எனக்கு முன்பே தெரியும். அவசரத்தில் செய்யவில்லை.

மறுநாள் கடக்வாஸ்லா அணைக்குப் போக வைத்திருந்த திட்டத்தைக் கைவிட்டு, முதல் விமானத்தில் திரும்பினேன். இப்போது வண்டோடு, அதே ஊசியில் கோத்த கிளிசரின் குப்பியும் இருந்தது. வழியில் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. கஸ்தூரி வீட்டில் அவள் பெட்டியைப் பிடித்து இழுத்தாள். என் விரல்கள் விரியவில்லை. ஒவ்வொன்றாக அவள்தான் பிரித்தெடுத்தாள்.